பின்னால் யாரும் துரத்தவில்லை



கடந்த இதழில் நீரிழிவைப் பற்றி எழுதிக்கொண்டு போனபோது, இடையில் ஒரு வரி சேர்த்திருந்தேன். “நானும் வருடத்தில் இரண்டு மூன்று தடவை வெளியூர்களுக்குப் போய் வீதி ஓட்டங்களில் ஓடுவதுண்டு” என்பதே அந்த வரி. நீரிழிவைப் பற்றி இரண்டு கடிதங்கள்தான் வந்தன. ஓட்டத்தைப் பற்றிப் பதினொரு கடிதங்கள் வந்துவிட்டன! ஆகவே இம்மாதம் முழுப் பக்கத்தையும் அதற்கே ஒதுக்குகிறேன். கறிவேப்பிலைச் செய்கை பற்றிக் கேட்டிருந்த சகோதரி என்னை மன்னிக்க வேண்டும். அது அடுத்த மாதம் வரும்.

வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சிரிக்க வைத்தது. “ஐம்பது வயதுக்கு மேலே ஓடினால் ஆர் காசு தருவினம்?” என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். ஒருவரும் தரமாட்டார்கள். நாங்கள்தான் காசு கட்டி ஓட வேண்டும். இன்னொரு கடிதம் என்னை இரண்டு இரவு நித்திரை கொள்ள விடவில்லை. “உங்களைப் போன்ற துணிச்சல் எங்களுக்கு இல்லை. நாங்கள் சத்தம் கேட்டாலே நடுங்குகிறவர்கள்” என்று அந்தச் சகோதரி எழுதியிருந்தார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் முதலாவது ஓட்டத்தைப் பற்றி இதுவரை இந்தப் பக்கத்தில் மட்டுமல்ல, ஊரிலும் உண்மையைச் சொன்னதில்லை.

2016ஆம் ஆண்டு எனக்கு 43 வயது. கிளிநொச்சியில் மீள்குடியேறி, அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலையும் கிடைத்து, வீட்டுத்திட்டத்தில் ஓடு போட்ட வீடும் முடிந்திருந்த நேரம். கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், “சீனி எல்லையில் நிற்கிறது, தினமும் முப்பது நிமிடம் வேகமாக நடவுங்கோ” என்றார். குளக்கட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கினேன். முதல் மாதம் நடைதான். பிறகு ஒரு நாள் இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு வர, ஓடினேன். நாய்கள் நின்றுவிட்டன. நான் நிற்கவில்லை. அந்தக் கட்டின் முனைமட்டும் ஓடிப்போய், வேலமரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது, சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்று கேட்டார்:

“என்ன பிள்ளை, ஆரும் துரத்துறாங்களோ?”

“இல்லை ஐயா.”

“பேந்தேன் ஓடுறாய்?”

எனக்கு மறுமொழி தெரியவில்லை. அதற்கு முதல் நான் ஓடியது 2009இல். நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் பத்திரங்கள் போட்ட பை. எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்பது தெரியாத ஓட்டம். அந்த ஓட்டத்தில்தான் என் கணவரைக் கடைசியாகக் கண்டேன். இதற்கு மேல் அதை எழுத வேண்டியதில்லை. வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த வீதியில் என் பக்கத்தில் ஓடியவர்கள். சொல்ல வந்தது என்னவென்றால், ஓடுவது என்றால் யாரோ துரத்துவது என்றுதான் என் உடம்புக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பெரியவரில் பிழையில்லை.

ஆனாலும் அடுத்த நாளும் ஓடினேன். இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிநாடுகளிலும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இப்படி ஓட்டத்தையும் நடையையும் கலந்துதான் பழக்குகிறார்கள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு ஒரு வசனம் முழுதாகக் கதைக்க முடிய வேண்டும். கதைக்க முடியாமல் மூச்சு முட்டினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் தேவாரமோ செபமோ சொல்லிப் பாருங்கள், அதுவே போதும். ஆறு மாதத்தில் நிற்காமல் ஐந்து கிலோமீற்றர் ஓடக்கூடியதாக வந்துவிட்டது. விளையாட்டு மைதானத்தின் 400 மீற்றர் பாதையில் பன்னிரண்டரைச் சுற்று என்று கணக்குப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். எங்கள் ஊர்களில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் வீதியால் ஓடும் எந்த ஓட்டத்தையும் “மரதன்” என்றுதான் சொல்வோம். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். அதை நான் ஓடியதில்லை, ஓடப்போவதுமில்லை. நான் ஓடுவது 5 கிலோமீற்றரும் 10 கிலோமீற்றரும். பெரிய மரதன் நடக்கும் நாளிலேயே இந்தச் சிறிய ஓட்டங்களையும் வைப்பார்கள். சில இடங்களில் இவை தனியாகவும் நடக்கும். ஓடலாம், நடக்கலாம், இரண்டையும் கலக்கலாம். முன்வரிசையில் நிற்கிற இளம் வீரர்களுக்குத்தான் அது போட்டி. பின்னால் நிற்கிற எங்களுக்கு அது ஒரு காலைப்பொழுது.

2017இல் அலுவலகத்துத் தங்கை ஒருத்தி, கொழும்பில் இப்படி ஒரு ஓட்டம் நடக்கப்போவதாகச் சொன்னாள். விண்ணப்பப் படிவத்தையும் அவளே எடுத்துத் தந்தாள். பெயர், வயது, சட்டை அளவு எல்லாம் நிரப்பினேன். கடைசியில் “அவசர நேரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்” என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பேனையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. “கணவர்” என்று எழுதினால் எந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுப்பது? “இல்லை” என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இன்றைக்கும் வராது. காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடுகளில் எத்தனையோ படிவங்களில் இப்படி எத்தனையோ கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. நானும் அதை வெறுமையாகவே விட்டு அனுப்பினேன்.

மாமியாருக்குச் சொல்லவில்லை. அயலுக்குத் தெரிந்தபோது, “புருஷன் என்ன ஆனார் எண்டு தெரியாமல் கிடக்கு, இவ கொழும்புக்கு ஓடப் போறாவாம்” என்று ஒரு கதை வந்தது. அது என் காதுவரை வந்து சேர இரண்டு நாள் எடுத்தது. கதையும் என்னைப் போல மெதுவாக ஓடுகிற கதைதான்!

மகளை அயல் வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, இரவுப் புகையிரதத்தில் போனேன். 1990இல் நின்றுபோன புகையிரதம் 2013இல்தான் எங்கள் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. அதில் நான் தனியாக ஏறியது அதுவே முதல் தடவை. கழுத்தில் இருந்த சங்கிலியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பிறகு பையைக் களவெடுத்தால் என்ன செய்வது என்று திரும்பவும் கழுத்தில் போட்டேன். இப்படியே விடிந்துவிட்டது. வெள்ளவத்தையில் தூரத்து உறவுக்காரர் வீட்டில் ஒரு பகல் இருந்து, அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு முச்சக்கர வண்டியில் ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் போனேன். சட்டையில் இலக்கத் தாளை நாலு ஊக்கால் குத்தியிருந்தேன். ஆயிரக்கணக்கில் சனம். ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு. எனக்குப் பத்துச் சொல்லில் ஒரு சொல் விளங்கியது. வீதியோரத்தில் சீருடைக்காரர்கள் ஒழுங்குக்கு நின்றார்கள். அவர்களைப் பார்க்காமல் என் சப்பாத்து நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓட்டத்தைத் தொடக்கி வைக்க வெடி வைப்பார்கள் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வெடிச் சத்தம் கேட்டது. அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது, வீதியோரக் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குந்தியிருந்ததுதான். என்னைச் சுற்றிச் சப்பாத்துக் கால்கள் போய்க்கொண்டேயிருந்தன. யாரோ சிரித்தது போலவும் இருந்தது. சிரித்தார்களோ, எனக்குத்தான் அப்படிப் பட்டதோ தெரியாது. நான் தலையை நிமிர்த்தியபோது வீதி வெறிச்சோடிக் கிடந்தது. தண்ணீர்ப் போத்தல் மூடிகளும் வாழைப்பழத் தோலும் மட்டும் கிடந்தன. என் வயதை ஒத்த ஒரு சிங்களப் பெண், தன் ஓட்டத்தை விட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் “ஹொந்தாய், ஹொந்தாய்” என்றேன். வேறு சொல் வாயில் வரவில்லை. அவர் தன் போத்தலைத் திறந்து தண்ணீர் தந்தார். ஐந்து நிமிடம் இருந்திருப்பார். பிறகு எழும்பி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

நான் ஓடவில்லை. ஓர் அடிகூட ஓடவில்லை. கடற்கரைப் பக்கம் போய் வெயில் ஏறும்வரை இருந்துவிட்டு, அன்றிரவே பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் மகள் ஓடி வந்து கேட்டாள்: “அம்மா, மெடல் எங்கை?” அவளுக்கு அப்போது 12 வயது. நான் பொய் சொன்னேன். “ஓடி முடிச்சனான் அம்மா. மெடல் முதல் மூண்டு பேருக்குத்தான் குடுக்கிறவை.” உண்மையில் அங்கே ஓடி முடித்த எல்லோருக்கும் பதக்கம் கொடுத்தார்கள். பொய் அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிள்ளை அதைப் பாடசாலையில் சொல்ல, ரீச்சர் அதைக் காலைக்கூட்டத்தில் சொல்ல, “தாய்மாருக்கு முன்மாதிரி” என்று கைதட்டலும் நடந்துவிட்டது. சந்தையில் மீன் வாங்க நின்ற என்னிடம் ஒரு தாய் வந்து கையைப் பிடித்து, “சந்தோசம் அக்கா” என்றார். அப்போது என் முகம் எப்படி இருந்திருக்கும்! பல பேர் என்னிடம், “உங்களுக்கு எங்கிருந்து இந்த உற்சாகம்?” என்று கேட்பதுண்டு. உற்சாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டும் என்ற வெட்கந்தான் என்னை மறுபடியும் குளக்கட்டுக்கு அனுப்பியது.

அதற்கிடையில் ஒரு நல்ல காரியம் செய்தேன். வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே போவதைப் “பைத்தியத்துக்கு மருந்து எடுக்கிறது” என்று கதைக்கிறவர்கள் இன்னும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களை விடுங்கள். அங்கிருந்த உளவளத்துணையாளர் சொன்னது எனக்கு இன்றும் உதவுகிறது. எதிர்பாராத சத்தத்துக்கு உடம்பு இப்படித் துள்ளுவது கோழைத்தனம் அல்ல. ஒரு காலத்தில் எங்களை உயிரோடு வைத்திருந்த பழக்கம் அது. சண்டை முடிந்தது என்று புத்திக்குத் தெரிந்தாலும் உடம்புக்குத் தெரியக் காலம் எடுக்கும். சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் குறையும். மூச்சை உள்ளே எடுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரத்தைக் கூட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளின் பெயரை மனத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்லும்போது சின்னப்பிள்ளை விளையாட்டுப் போல இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

2018இல் மறுபடி போனேன். இந்த முறை முதலிலேயே தொலைபேசியில் கேட்டேன்: “என்ன சத்தத்தில் தொடக்குவீர்கள்?” எதிர்ப்பக்கத்துப் பிள்ளைக்குக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டாம் தரம் விளங்கப்படுத்தியதும், “வெடிதான் அன்ரி, ஆறு மணிக்கு” என்றது. படிவத்தில் அவசரத் தொடர்புக் கட்டத்தில் அயல் வீட்டு அக்காவின் பெயரையும் எண்ணையும் எழுதினேன். உறவு முறை என்ற இடத்தில் “அயல்” என்று போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். பேரவசரம் என்றால் எங்களுக்கு முதலில் ஓடி வருவது அயல்தானே.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றேன். மரம், மின்கம்பம், மஞ்சள் தொப்பி, குடை, காகம் என்று ஐந்தைச் சொல்லி முடிக்கும்போது வெடி கேட்டது. முழங்கால் மடங்கத்தான் பார்த்தது. மடங்கவில்லை. எல்லோரும் போன பிறகு நானும் ஓடத் தொடங்கினேன். அப்போது எனக்குத் தெரியாத இன்னொரு விடயம் இருந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் அம்புலன்ஸ் ஒன்று மெதுவாக வரும். பாதுகாப்புக்குத்தான். ஆனால் அதன் எஞ்சின் சத்தத்தை முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டு ஓடுவது எனக்கு எப்படி இருந்தது என்பதை நீங்கள் ஊகிப்பீர்கள். அதற்காகவே எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த ஒரு வயோதிபரை முந்தினேன். என் வாழ்க்கையில் ஒருவரை முந்தியது அதுதான் முதல் தடவை. பாவம், அவர் கையசைத்து வாழ்த்தினார்.

10 கிலோமீற்றருக்கு 1 மணித்தியாலம் 34 நிமிடம் எடுத்தேன். கடைசி இரண்டு கிலோமீற்றரும் பெரும்பாலும் நடைதான். பதக்கம் தந்தார்கள். வீட்டுக்கு வந்து மகளின் கழுத்தில் அதைப் போட்டுவிட்டு, போன வருடத்து உண்மையைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, “எனக்கு அப்பவே தெரியும் அம்மா” என்றாள். எப்படி என்று கேட்டேன். “நீங்கள் கொண்டு வந்த நம்பர்த் தாள் கசங்கவே இல்லை.” ஒரு வருடம் அந்தப் பிள்ளை அதை மனத்துக்குள் வைத்திருந்திருக்கிறது. நான் குசினிக்குள் போய்விட்டேன்.

இனி, நடுவயதில் ஓடுவது புதினமான காரியமா என்று கேட்டவர்களுக்கு. உலகம் பெண்களை ஓட விட்டதே அண்மையில்தான். 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருப்பிக்க, அந்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். மறுபடி அது வந்தது 1960இல், ரோமில். முப்பத்திரண்டு வருடம்! வயல் வேலையில் களைத்து விழுகிற பெண்ணை ஒருவரும் நிறுத்தச் சொல்வதில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். 1967இல் அமெரிக்காவின் பொஸ்ரன் மரதனில் கத்ரின் சுவிற்சர் என்ற மாணவி, பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவுசெய்து ஓடினார். ஓட்ட நடுவிலேயே அதிகாரி ஒருவர் பாய்ந்து அவருடைய இலக்கத் தாளைப் பிடுங்கப் பார்த்தார். அவர் ஓடி முடித்தார். ஐம்பது வருடம் கழித்து 2017இல், எழுபது வயதில், அதே 261ஆம் இலக்கத்தைக் குத்திக்கொண்டு அதே வீதியில் மறுபடியும் ஓடினார். பிரித்தானியாவின் பிரிசில்லா வெல்ச் முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஓடத் தொடங்கினார். அதற்கு முன் சிகரெட் குடித்தவர். 1987இல் நியூயோர்க் மரதனில் பெண்களில் முதலாவதாக வந்தபோது அவருக்கு வயது 42.

தூரத்துக் கதைகள் வேண்டாம் என்றால், எங்கள் முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா இருக்கிறார். 2023ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் எடுத்தார். 800 மீற்றரில் வெண்கலம். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த அன்றுதான் என் மாமியார், “அப்ப நீயும் ஓடு” என்று முதன்முதலாகச் சொன்னார்.

யுத்தம் கண்ட வேறு நாடுகளிலும் இந்த ஓட்டங்கள் நடக்கின்றன. ருவாண்டாவின் கிகாலி நகரில் 2005இலிருந்து சமாதான மரதன் ஆரம்பமானது. பலஸ்தீனத்தின் பெத்லகேமில் 2013இல் முதலாவது மரதன் வைத்தபோது, சோதனைச்சாவடி குறுக்கிடாத 42 கிலோமீற்றர் வீதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பெரிய மதில் ஓரமாகவும் அகதி முகாம்களுக்கு ஊடாகவும் ஒரே பாதையிலேயே திரும்பத் திரும்ப ஓடினார்கள். அதே வருடம் காசாவில் நடக்கவிருந்த ஓட்டத்தில் பெண்கள் ஓடக்கூடாது என்று அங்கிருந்த அதிகாரத்தினர் சொல்ல, ஐ.நா. நிறுவனம் அந்த ஓட்டத்தையே இரத்துச் செய்தது. ஓமந்தையில் வரிசையில் நின்ற எங்களுக்கு, வீதி என்றால் என்ன விலை என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இப்போது நீங்கள் கேட்ட நடைமுறைக் கேள்விகள். காசு எங்கிருந்து வருகிறது? எட்டுக் கோழி வளர்க்கிறேன். முட்டைக் காசில் ஒரு பங்கு இதற்கென்று பழைய பால்மா ரின்னில் போடப்படும். ரின் நிரம்பினால் போவேன், நிரம்பாவிட்டால் அந்த முறை இல்லை. 2022இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டில் பஸ்சும் இல்லாமல் அலுவலகத்துக்கு நடந்தும் ஓடியும் போன நாட்களில் ரின்னில் ஒன்றும் விழவில்லை. ஆனால் அந்த வருடந்தான் என் கால்கள் நன்றாகப் பழகின.

செலவழிக்க வேண்டிய இடம் சப்பாத்து. என் அளவில் பெண்கள் ஓட்டச் சப்பாத்து எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பெடியங்களுக்கானதை வாங்கினேன். விரல் நுனிக்கும் சப்பாத்துக்கும் இடையில் ஒரு பெருவிரல் அகலம் இடம் விடுங்கள். ஓடும்போது கால் வீங்கும். அடுத்தது உள்ளாடை. இதைப் பத்திரிகையில் எழுதக் கூச்சப்பட்டால் எங்கே எழுதுவது? மார்பை இறுக்கித் தாங்குகிற விளையாட்டு உள்ளாடை இல்லாமல் ஓடினால் நோவெடுக்கும். சட்டை நீளக்கையாக, நீளக் காற்சட்டையாக, மேலே தளர்ந்த சல்வார் சட்டையாக இருக்கலாம். முக்காட்டோடு ஓடுகிற சகோதரிகளும் வருகிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் அவரவர் மூச்சே பெரிய பாடு.

இரண்டு மூன்று பிள்ளை பெற்றவர்களுக்கு ஓடும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதுண்டு. ஒரு சகோதரி இதைக் கேட்டுப் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார். அது உங்களுக்கு மட்டும் வருவதல்ல. சிறுநீரை அடக்குவது போல இடுப்பின் அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து, தளர்த்துங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்குப் பத்து முறை. அம்மியிலிருந்தும் செய்யலாம், பஸ்சிலிருந்தும் செய்யலாம். சில மாதங்களில் வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால் தாதியிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு தேயும் என்பதால், காலில் பாரம் விழும் இப்படியான பயிற்சி எலும்புக்கு நல்லது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சீனி வருத்தத்துக்கு ஊசியோ குளிசையோ எடுக்கிறவர்கள் கேட்காமல் ஓடத் தொடங்க வேண்டாம். ஓடும்போது சீனி திடீரென்று இறங்கலாம். சட்டைப் பையில் குளுக்கோசோ இனிப்போ இருக்க வேண்டும். ஓடி வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் நோகாமலே வந்திருக்கும். உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறவர்கள் எங்கள் மத்தியில் நிறையப் பேர். துண்டு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஓடலாமா என்பதை வைத்தியர் சொல்வார். படத்தோடு போய்க் கேளுங்கள். நெஞ்சு நொந்தால், தலை சுற்றினால் நிற்க வேண்டும். நிற்பது தோல்வி இல்லை. செயற்கைக் கால் போட்ட சகோதரி ஒருவர் 5 கிலோமீற்றர் நடக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் ஓடிய ஓர் ஓட்டத்தில் அப்படி ஒருவர் நடந்து முடித்ததைக் கண்டேன். கால் பொருத்தியவர்களிடம் காட்டி, முதலில் ஒரு கிலோமீற்றரிலிருந்து தொடங்குங்கள். ஊரில் பழகும்போது சனம் புழங்குகிற வீதியை விட்டு விலக வேண்டாம். கண்ணிவெடி அகற்றாத இடங்களுக்கு இன்னும் பலகை நட்டிருக்கிறார்கள். காட்டுக் கரையில் குறுக்குப் பாதை தேடாதீர்கள்.

பிரயாணத்தைப் பற்றி. ஓட்டத்துக்கு முதல் நாளே போய்ச் சேருங்கள். இரவு முழுக்கப் பிரயாணம் செய்து, இறங்கிய கையோடு ஓடினால் உடம்பு பழி வாங்கும். ஒரு முறை அப்படிச் செய்து பாதி வழியில் வாந்தி எடுத்தேன். இருவராகப் போனால் அறை வாடகையும் பாதி, பயமும் பாதி. முதல் நாள் இரவு பழகிய சாப்பாடுதான் வேண்டும். நான் புட்டும் வாழைப்பழமும். ஒரு தடவை உறவுக்காரர் வீட்டில் ஆசையாகக் கணவாய்க் கறி தந்தார்கள். மறுக்க முடியவில்லை. அந்த ஓட்டத்தைப் பற்றி இங்கே எழுத முடியாது. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெல்லிசு. வன்னியின் சமதரையில் பழகிய எனக்கு முதல் கிலோமீற்றரிலேயே வாய் திறந்துவிட்டது. அங்கே போகிறவர்கள் நேரத்தைப் பார்க்க வேண்டாம். தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு ஓடுங்கள். கூடையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துப் பெண் என்னைப் பார்த்து, “எங்கம்மா இவ்வளவு அவசரமா?” என்று கேட்டார். அவர் ஏறிக்கொண்டிருந்த வேகத்தில் என்னால் வெறுங்கையோடும் ஏற முடியாது.

சத்தத்துக்கு நடுங்குகிறேன் என்று எழுதிய சகோதரிக்கு. நானும் இன்னும் நடுங்குகிறேன். தீபாவளி வெடிக்கு இன்றும் வீட்டுக்குள்தான் இருக்கிறேன். இது வரை ஒன்பது ஓட்டங்கள் ஓடியிருக்கிறேன். அதில் மூன்று ஓட்டங்களில் தொடக்க வெடி முடியும்வரை இருநூறு மீற்றர் தள்ளி நின்றுவிட்டு, பிறகு வந்து சேர்ந்திருக்கிறேன். இலக்கத் தாளின் பின்னால் ஒரு சின்னப் பட்டி ஒட்டியிருப்பார்கள். தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் எங்கள் நேரம் எண்ணத் தொடங்கும். பிந்தி வந்தாலும் நேரம் போகாது. அது உங்களுக்கும் எனக்கும் என்றே செய்தது போல இருக்கிறது. நீங்கள் விலாசம் எழுதவில்லை. எழுதினால், நாங்கள் அடுத்த தடவை போகும்போது அறிவிக்கிறேன்.

“நாங்கள்” என்று எழுதியிருக்கிறேன். ஆம், இப்போது குளக்கட்டில் நாலு பேர். ஒருத்தி கச்சான் விற்கிறவர், ஒருத்தி முன்பள்ளி ஆசிரியை, மற்றவர் அந்த அயல் வீட்டு அக்கா. அவருக்கு 58 வயது. ஓடமாட்டார், நடப்பார். எங்களைவிட முன்னுக்கும் வந்துவிடுவார். இப்போது அவருடைய படிவத்தில் அவசரத் தொடர்புக் கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. இருவரும் ஒரே ஓட்டத்தில் விழுந்தால் என்ன செய்வது என்று மகள் கேட்கிறாள். அதை நாங்கள் இன்னும் யோசிக்கவில்லை.

இதை எழுதி முடிக்கும்போது மணி நாலேமுக்கால். அவர்கள் படலையடியில் வந்து நிற்பார்கள். நாய்க்குக் காட்டுகிற தடி என்னிடந்தான் இருக்கிறது.